பொம்மைக்குக் குரல் கொடுத்த வானொலி

ஆசிரியருக்கு,

வானொலி பற்றிய ஞாயிறு கட்டுரை அருமை. ஆனால் பிபிசி என்றாலே செய்தி மட்டும்தான் என்பதுபோல எழுதியிருந்தது சரியில்லை. 1945 ஜூலையில் தொடங்கிய 'லைட் புரோகிராம்' முழுக்க முழுக்கப் பொழுதுபோக்குக்கான அலைவரிசை.

1950-இல் ஒரு சாதாரண வேலைநாளை எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் இல்லத்தரசிகள் போடச் சொல்லிக் கேட்ட இசைத்தட்டுகள். அப்புறம் தொழிற்சாலைகளுக்கான இசை. உற்பத்தி பெருக வேண்டும் என்று போர்க்காலத்தில் தொடங்கியது, போர் முடிந்தும் நிற்கவில்லை. மதியம் 1.45-க்குக் குழந்தைகளுக்குக் கதை. 2 மணிக்கு 'உமன்ஸ் ஹவர்'. 1946-இல் பெண்களுக்கான இந்த நிகழ்ச்சியை முதலில் தொகுத்து வழங்கியவர் ஓர் ஆண், ஆலன் ஐவிமி! மாலை 6.45-க்கு டிக் பார்ட்டன் என்ற கற்பனைத் துப்பறிவாளரின் சாகசத் தொடர். ஒவ்வொரு நாளும் ஆபத்தான கட்டத்தில்தான் முடிப்பார்கள். மறுவருடம் அந்த நேரத்தைப் பிடித்துக்கொண்டது 'தி ஆர்ச்சர்ஸ்' என்ற கிராமத்துத் தொடர், இன்றும் ஓடுகிறது.

எனக்குப் பிடித்த வேடிக்கை, அதே 1950-இல் தொடங்கிய 'எஜுகேட்டிங் ஆர்ச்சி'. அதை நடத்திய பீட்டர் பிரஃப் உதடு அசைக்காமல் ஆர்ச்சி என்ற பொம்மையைப் பேச வைப்பவர். வானொலியில் உதட்டை யார் பார்க்கப்போகிறார்கள்? ஆனாலும் நாடே கேட்டது.

இப்படிக்கு,
ஒரு பழைய வானொலிப் பிரியர், திருச்சி