கழகச் செயலாளரின் ஆண்டறிக்கை: 2024–25 ஐஸ் ஹொக்கி சீசன்

எல்லாருக்கும் வணக்கம். ரொறன்ரோவின் ஸ்காபரோவில் எங்கள் 13 வயதுக்குட்பட்ட அணி ஒக்ரோபரில் தொடங்கி மார்ச் கடைசிவரை, வாரம் ஒரு ஆட்டம் ஒரு பயிற்சி என்று ஆடி முடித்தது. அரையிறுதியில் தோற்றோம். அது போகட்டும், எனக்குக் கதைக்க வேறு விசயம் இருக்கிறது.

முதலில் கோலி, அதாவது கோல் காக்கிற ஆள். செப்ரெம்பரில் கோலுக்குள் நிற்க ஒருவரும் வரவில்லை. பிள்ளைகளுக்கு விருப்பம் இல்லாமல் இல்லை, கால் பாட், மார்புக் கவசம், கையில் போடும் பிளொக்கர் என்ற கவசம், தனி ஹெல்மெற் என்று எல்லாம் சேர்த்து வாங்கும் விலையைக் கேட்டதும் பெற்றோர் பின்வாங்கினார்கள், அதில் அவர்களைக் குறை சொல்ல முடியாது. கழக அறையில் கிடந்த பழைய செட்டை எடுத்து, இற்றுப்போன வார்களை மாற்றித் தைத்து இரவல் கொடுத்தோம். போட்டுக்கொண்டது பதினொரு வயதுப் பிள்ளை ஒன்று. முதல் நாள் விழுந்தவள் பாட் பாரத்தில் எழும்ப முடியாமல் கிடந்தாள், பயிற்சியாளர் போய்த் தூக்கிவிட்டார். தையில் பார்த்தால் அதே பிள்ளை ஒவ்வொரு முறையும் நடுவர் பக்கை, அதாவது ஆட்டத்தின் ரப்பர் வட்டை, ஐஸில் போடுவதற்கு முன் ஸ்ரிக்கால் இரண்டு கம்பத்தையும் தட்டித் தன் இடத்தைச் சரிபார்த்துக்கொண்டு நிற்கிறாள். 170 கிராம் ரப்பர், உறையவைத்து கல்லு மாதிரி இருக்கும் பக், நேரே வருகிறது, அவள் கண்ணை மூடவில்லை. இந்த சீசனில் நான் மறக்காத காட்சி அதுதான்.

அடுத்தது கொஞ்சம் கசப்பான விசயம். இந்த வயதில் உடலால் மோதித் தள்ள விதி இடம் தருவதில்லை, ஆனால் வழுக்கிப்போய் ஐஸைச் சுற்றியுள்ள பலகையில் தலை அடிபடுவதை விதியால் தடுக்க முடியாது. பெப்ரவரியில் ஒரு பையனுக்கு அப்படி நடந்தது. பயிற்சியாளர் உடனே வெளியே இருத்திவிட்டார், தகப்பன் கோபப்பட்டார். பயிற்சியாளர் செய்ததுதான் சரி. றக்பி ஆடி அடுத்தடுத்துத் தலையில் அடிபட்டு 2013இல் இறந்த ஒட்டாவா மாணவி றோவன் ஸ்ரிங்கரின் பெயரில் ஒன்ராறியோவில் 2018இல் சட்டமே வந்திருக்கிறது. அடிபட்டு மூளை அதிர்ந்திருக்கும் (கன்கஷன்) என்று சந்தேகம் வந்தாலே வெளியே, பிறகு மருத்துவரோ நேர்ஸ் பிரக்ரிஷனரோ (கூடுதல் தகுதி பெற்ற தாதி) எழுத்தில் சம்மதித்தால்தான் முழுப் பயிற்சிக்கும் ஆட்டத்துக்கும் திரும்பலாம். பையன் ஆறுதலாகத் திரும்பி வந்தான். தகப்பனும் பிறகு வந்து கை கொடுத்தார். கழுத்துக் கவசமும் அப்படித்தான், காருக்குள் மறந்துவிட்டு வந்தால் போய் எடுத்து வாருங்கள், இரக்கம் காட்ட மாட்டோம்.

காசில் பெரும் பங்கு ஐஸ் வாடகைக்கே போனது. கணக்கைப் பொருளாளர் தனியே வைப்பார். காலுக்குச் சிறிதான ஸ்கேற்றுகளைக் கைமாற்றிக்கொள்ள வாசலில் போட்ட மேசை நன்றாக ஓடியது, அம்மாமார் நின்று நடத்தினார்கள், நன்றி.

அப்புறம், எங்கள் கோலி நல்லாக வளர்ந்துவிட்டாள், பழைய பாட் முழங்காலுக்கு எட்டவில்லை. யாருடைய கராஜிலாவது ஒரு அளவு பெரிய செட் சும்மா கிடந்தால் செப்ரெம்பருக்கு முன் எனக்குச் சொல்லுங்கள், நானே வந்து ஏற்றிக்கொண்டு போகிறேன்.