சேர்வராயன் கல்லும் சூரியனின் வயதும்

ஏற்காடு

அன்பு மகளுக்கு,

இந்த ஆண்டு பள்ளியில் உனக்குப் பத்தாம் வகுப்பு அறிவியலை நடத்தக் கொடுத்திருக்கிறார்கள் என்று அம்மா சொன்னாள். மனம் நிறைந்துவிட்டது, கண்ணு. சிறு அணுக்கருக்கள் சேர்ந்து பெரிய கருவாகும் அணுக்கரு இணைவுப் பாடத்தை எப்படித் தொடங்குவது என்று நீ கேட்டதற்குப் போனில் பதில் சொல்லி முடியாது. அதனால்தான் இந்தக் கடிதம்.

முதல் நாளே சமன்பாட்டைப் பலகையில் எழுதிவிடாதே. அதற்கு முன் பிள்ளைகள் கையில் ஒரு கல்லைக் கொடு. நம் மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகளில் பாறையை வெட்டியிருக்கும் இடங்களைப் பார்த்திருக்கிறாய். வெளிப்புறம் மழையும் வெயிலும் பட்டுப் பழுப்பேறிக் கிடக்கும். ஒரு துண்டை உடைத்தால் உள்ளே நீலமும் சாம்பலும் கலந்த கருமை, எண்ணெய்ப் பசையான மினுக்கம். ஊரில் கருங்கல் என்போம். நிலவியலாளர்கள் சார்னோக்கைட் என்பார்கள். சேர்வராயன் மலையின் இந்தப் பாறைக்கு வயது சுமார் 250 கோடி ஆண்டு. பூமியில் உயிர்கள் வாழத் தொடங்கியோ 350 கோடி ஆண்டுகளாகின்றன. அத்தனை காலமும் வெயில் விட்டுப்போனதில்லை. அப்படியானால் சூரியனுக்கு எரிபொருள் எது? இந்தக் கேள்வி வகுப்பில் ஒரு நாளாவது கிடக்கட்டும். விடையை உடனே கொடுத்துவிட்டால் அதன் அருமை தெரியாது.

சூரியன் முழுவதும் நிலக்கரியாக இருந்தால் சில ஆயிரம் ஆண்டுகளில் தீர்ந்திருக்கும். தன் எடையால் தானே சுருங்கி வெப்பம் தருகிறது என்று பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஹெல்ம்ஹோல்ட்ஸ், கெல்வின் என்ற இயற்பியலாளர்கள் கணக்குப் போட்டார்கள். அதுவும் சில கோடி ஆண்டுகளுக்குத்தான் தாங்கும். கையில் இருக்கும் கல்லின் வயதுக்கே போதாது.

1920இல் எடிங்டன் என்ற வானியலாளர் வழி காட்டினார். நான்கு ஹைட்ரஜன் அணுக்கள் இணைந்து உண்டாகும் ஒரு ஹீலியம் அணுவின் நிறை, அந்த நான்கின் நிறையைவிடச் சுமார் 0.7 சதவீதம் குறைவு. அந்தக் குறைவுதான் ஆற்றலாக வெளிவருகிறது. சூரியனில் ஹைட்ரஜனே மிகுதி என்பதை 1925இல் செசிலியா பெயின் என்ற இளம்பெண் தன் ஆய்வேட்டில் காட்டினார். மூத்த அறிஞர்கள் முதலில் நம்பவில்லை. சில ஆண்டுகளில் ஏற்றுக்கொண்டார்கள். அவர் பெயரை உன் வகுப்புப் பெண்பிள்ளைகள் கட்டாயம் கேட்க வேண்டும். இணைவு படிப்படியாக எப்படி நடக்கிறது என்பதை 1930களின் இறுதியில் ஹான்ஸ் பெத்தே என்ற இயற்பியலாளர் விளக்கினார்.

சூரியனின் மையத்தில் வெப்பம் ஒன்றரைக் கோடி டிகிரி. அங்கே ஒவ்வொரு நொடியும் சுமார் 60 கோடி டன் ஹைட்ரஜன் ஹீலியமாகிறது. அதில் 40 லட்சம் டன்னுக்கு மேல் நிறை மறைந்து ஆற்றலாகிறது. இந்த எண்களைச் சொன்னதும் பிள்ளைகள் வாய்பிளப்பார்கள். பெரும்பாலான ஆசிரியர்கள் அத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் உண்மையான வியப்பு இதற்கு அப்புறம்தான் இருக்கிறது. கன மீட்டருக்கு இவ்வளவு வாட் என்று பார்த்தால், சூரியனின் மையம் தரும் வெப்பம் நம் உடம்பு தருவதைவிடக் குறைவு! உடம்பின் அளவையும் அது வெளியிடும் நூறு வாட் அளவிலான வெப்பத்தையும் கொடுத்துப் பிள்ளைகளையே வகுத்துப் பார்க்கச் சொல். சூரியனுக்குச் சுமார் 280 வாட். நமக்கு ஆயிரத்துக்கும் மேல்.

காரணம், இணைவு அவ்வளவு அரிதாக நடக்கிறது. ஹைட்ரஜனின் கரு ஒரு புரோட்டான். இணைய வேண்டிய இரண்டு புரோட்டான்களும் நேர்மின்னூட்டம் கொண்டவை. நெருங்கினால் ஒன்றையொன்று தள்ளும். ஒன்றரைக் கோடி டிகிரி வெப்பம் தரும் வேகம்கூட அந்தத் தடையைத் தாண்டப் போதாது. அணுவுக்குள் செல்லும் குவாண்டம் விதிப்படி எப்போதோ ஒருமுறை தடையை ஊடுருவிவிடுகின்றன. சந்தித்த அந்தக் கணத்திலேயே ஒன்று நியூட்ரானாகவும் மாற வேண்டும். ஒரு புரோட்டானுக்கு இந்த வாய்ப்பு அமைய ஆயிரம் கோடி ஆண்டு என்ற அளவில் காத்திருக்க வேண்டியிருக்கிறது. மோதிய உடனே சேர்ந்துகொண்டிருந்தால் சூரியன் என்றைக்கோ முடிந்திருக்கும். இந்த மலையும் இல்லை, நாமும் இல்லை.

பிறந்த ஒளியும் உடனே வெளியே வந்துவிடாது. ஆடித் திருவிழாவன்று சேலம் கோட்டை மாரியம்மன் கோயில் கூட்டத்துக்குள் அகப்பட்டவர் முன்னே ஓரடி, பக்கத்தில் ஓரடி, பின்னே ஓரடி என்று தள்ளப்படுவது போலத்தான் அதன் பயணம். மேற்பரப்புக்கு வரப் பல்லாயிரம் ஆண்டுகள், லட்சத்துக்கும் மேல் என்றுகூடக் கணக்கிடுகிறார்கள். வெளியே வந்தபின் பூமிக்கு 8 நிமிடம் 20 நொடிதான். இணைவில் கூடவே பிறக்கும் நியூட்ரினோக்கள் என்ற மிக நுண்ணிய துகள்கள் எதோடும் எளிதில் மோதுவதில்லை. அவற்றுக்கு இந்தத் தடையெல்லாம் கிடையாது. மையத்தில் பிறந்து சில நொடிகளில் சூரியனை விட்டு வெளியேறிவிடும். உன் கட்டைவிரல் நகத்தின் வழியாக நொடிக்குப் பல ஆயிரம் கோடி பாய்கின்றன. நள்ளிரவில் அவை பூமியைத் துளைத்துக்கொண்டு தரையிலிருந்து மேலே வருகின்றன. சூரியனின் உள்ளே இணைவு நடக்கிறது என்பதற்கு நேரடிச் சாட்சி அவைதான்.

சேலத்துப் பக்கத்துக் கஞ்சமலையின் இரும்பை இந்தப் பாடத்தில் நுழைக்காதே. இணைவால் ஆற்றல் கிடைப்பது இரும்போடு முடிந்துவிடுகிறது. நம் சூரியனால் அதுவரைகூடப் போக முடியாது. அந்த இரும்பு சூரியனுக்கு முன் வாழ்ந்து மடிந்த விண்மீன்களுடையது. அதற்குத் தனியாக ஒரு பீரியட் வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை உங்கள் ஊருக்கு வரும் மாமாவிடம் உள்ளங்கை அளவில் நாலைந்து கற்கள் கொடுத்தனுப்புகிறேன். கூர்மையான முனைகளைத் தேய்த்துவிட்டேன். பாடம் முடிந்ததும் பிள்ளைகள் கேட்ட கேள்விகளை அவர்கள் கேட்டபடியே எழுதி அனுப்பு.

அன்புடன்,
அப்பா