துடுப்பு இயந்திரமும் முதியவர்களின் நேரக் கணக்கும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அறுபது வயதைக் கடந்தவர்கள் ஜிம்முக்குப் போய், படகு வலிப்பது போன்ற பயிற்சி தரும் துடுப்பு இயந்திரத்தில் உட்கார்ந்துகொண்டு, போன மாதத்தைவிட இரண்டு விநாடி குறைந்திருக்கிறதா என்று திரையைப் பார்ப்பது வீண் பெருமை என்றும், அந்த வயதுக்குக் காலையில் கடற்கரையோரம் காலாற நடந்துவிட்டு வருவதே போதும் என்றும் வாசகர் ஒருவர் தங்கள் இதழில் எழுதியிருந்தார். சர்க்கரை நோயும் இதய நோயும் எட்டிப் பார்க்காத வீடு நம் சமூகத்தில் அரிது என்பதால் அவருடைய அக்கறையை நான் குறைத்து மதிக்கவில்லை. ஆனால் வாழ்நாள் சாதனையைத் துரத்துவதையும் ஒரு பருவத்தின் சிறந்த நேரத்தைத் துரத்துவதையும் அவர் ஒன்றாகப் போட்டுக் குழப்பிவிட்டார். முன்னது வயதானவர்களுக்கு ஆகாது என்பதில் எனக்கும் கருத்து வேறுபாடு இல்லை. பின்னதோ அவர்களுக்காகவே ஏற்பட்டது போன்ற ஏற்பாடு. அதை விளக்கவே இக்கடிதம்.

ஜிம்களில் நாம் பெரும்பாலும் காணும் துடுப்பு இயந்திரம் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தைச் சேர்ந்த கான்செப்ட் 2 நிறுவனத்துடையது. டிக், பீட் டிரைசிகாக்கர் என்ற சகோதரர்கள் 1981-இல் இதன் முதல் வடிவத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். உலகெங்கும் இதில் துடுப்பு வலிப்பவர்கள் தங்கள் நேரங்களைப் பதிவுசெய்துகொள்ள அந்நிறுவனம் ஒரு தரவரிசைப் பட்டியலை நடத்தி வருகிறது. அதில் ஆண்டு என்பது ஜனவரியில் தொடங்குவதில்லை; மே 1-ஆம் தேதி தொடங்கி மறு ஆண்டு ஏப்ரல் 30-ஆம் தேதி முடிகிறது. இதைத்தான் பருவம் என்கிறார்கள். 500 மீட்டர், 2,000 மீட்டர், 5,000 மீட்டர், அரை மணி நேரம், ஒரு மணி நேரம், முழு மாரத்தான் தூரம் என ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பட்டியல் உண்டு. ஆண், பெண், வயது, உடல் எடை ஆகிய பிரிவுகளும் உண்டு. அறுபத்திரண்டு வயதுக்காரர் 60 முதல் 64 வயது வரை உள்ளவர்களோடுதான் ஒப்பிடப்படுவார். பருவம் முடிந்ததும் அந்தப் பட்டியல் மூடப்பட்டு, அடுத்த நாள் எல்லோருக்கும் வெற்றுத்தாளாகப் புதிய பட்டியல் திறக்கிறது.

இந்த வெற்றுத்தாளில்தான் விஷயம் இருக்கிறது. முப்பது வயதில் 2,000 மீட்டரை 7 நிமிடத்தில் முடித்த ஒருவரை எண்ணிப் பாருங்கள். அதற்கு அவர் ஏழு நிமிடமும் இடைவிடாமல் ஏறத்தாழ 300 வாட்ஸ் ஆற்றலைத் தந்திருக்க வேண்டும். அறுபத்தைந்தில் அவரால் அது இயலாது. எவ்வளவு பயிற்சி செய்தாலும் அந்தப் பழைய எண் சுவரில் மாட்டிய கல்யாணப் படம் போல அவரைப் பார்த்துக்கொண்டே இருக்கும். ‘இனி என்னத்தைச் சாதிக்கப் போகிறோம்’ என்று அவர் இயந்திரத்தை விட்டே எழுந்துவிடுவார். அப்படி எழுந்து போனவர்கள் சிலரை நான் அறிவேன். அதே மனிதரிடம், ‘இந்த மே மாதத்திலிருந்து உங்களால் வலிக்க முடிந்த சிறந்த நேரம் எது, அதை வரும் ஏப்ரலுக்குள் எவ்வளவு குறைக்க முடியும்’ என்று கேட்டால், அந்தக் கேள்விக்கு நேர்மையான விடை ஒன்று அவரிடம் இருக்கும். நடைப்பயிற்சியை நான் எதிர்க்கவில்லை. ஆனால் நடையில் நாளுக்கு நாள் சோம்பலாகிக்கொண்டே போவதை நாமே அறிய மாட்டோம். இயந்திரத்தின் திரையோ அதை அன்றைக்கே சொல்லிவிடும்.

நான் ஓய்வுபெற்ற கணித ஆசிரியன். ஆகவே இந்த நேரக் கணக்கில் எனக்கு மிகவும் பிடித்த பகுதியைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். இயந்திரத்தின் உள்ளே இருப்பது ஒரு விசிறிச் சக்கரம். கைப்பிடியை இழுக்கும்போது சங்கிலி அதைச் சுழற்றுகிறது. அது காற்றைத் தள்ளுகிறது. காற்று அதை எதிர்க்கிறது. வேகம் கூடக் கூட இந்த எதிர்ப்பு மிக விரைவாகப் பெருகுவதால், தேவைப்படும் ஆற்றல் வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப உயர்கிறது. பத்து விழுக்காடு வேகமாகப் போக வேண்டுமானால் முப்பத்துமூன்று விழுக்காடு கூடுதல் ஆற்றல் வேண்டும். 500 மீட்டருக்கு 2 நிமிடம் 30 விநாடி என்ற வேகத்திலிருந்து 2 நிமிடம் 25 விநாடிக்கு வருவதற்குச் சுமார் 11 வாட்ஸ் கூடுதலாகத் தந்தால் போதும். அதே ஐந்து விநாடியை 2 நிமிடம் 5 விநாடியிலிருந்து 2 நிமிடத்துக்கு வருவதில் குறைக்க 23 வாட்ஸ் ஆகிறது, அதாவது இரண்டு மடங்குக்கும் மேல். ஆகையால் புதிதாகத் தொடங்கும் முதியவர்களுக்கு முதல் சில மாதங்களில் நேரம் தாராளமாகக் குறையும். தேர்ந்த இளைஞர்களோ அரை விநாடிக்கு மல்லாட வேண்டியிருக்கும். 2018-இல் ஆஸ்திரேலியாவின் ஜோஷ் டங்க்லி-ஸ்மித் 2,000 மீட்டரை 5 நிமிடம் 35.8 விநாடியில் முடித்து உலகச் சாதனை படைத்தார். முந்தைய சாதனையிலிருந்து வெறும் 0.8 விநாடியைக் குறைப்பதில் அவருக்கு இருந்த பாட்டை நம்மவர்கள் 15 விநாடியைக் குறைப்பதிலும் காண மாட்டார்கள். பெருமைக்காகத் துரத்துகிறார்கள் என்ற வாசகரின் குற்றச்சாட்டுக்கு இக்கணக்கே பாதி பதில்.

இந்தப் பருவக் கணக்கு தென்னாப்பிரிக்காவில் இருக்கும் டர்பன்வாசிகளுக்கு இன்னொரு வகையிலும் பொருந்தி வருகிறது. வடக்கு நாடுகளில் குளிர்காலத்தில்தான் மக்கள் வீட்டுக்குள் துடுப்பு வலிக்கிறார்கள். அவர்களுடைய நல்ல நேரங்கள் பருவத்தின் பிற்பாதியில், டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வருகின்றன. நமக்கு நேர்மாறு. மே மாதம் பிறக்கும்போது நம் ஊரில் புழுக்கம் அடங்கி, வறண்ட இதமான காலை தொடங்கிவிடுகிறது. ஆகஸ்டு முடிய உள்ள அந்த நான்கு மாதங்கள்தான் நமக்கு நேரத்தைக் குறைக்க ஏற்றவை. அதன்பின் புரட்டாசி வந்துவிடும். இந்நகரின் சாட்ஸ்வர்த், பீனிக்ஸ் பகுதிகளில் பல குடும்பங்கள் மாதம் முழுவதும் விரதம் காக்கும்போது பயிற்சியைக் குறைத்துக்கொள்வது இயல்பு. தீபாவளிப் பலகாரங்களைப் பற்றி நான் எதுவும் சொல்லாமல் விடுகிறேன். ஜனவரி, பிப்ரவரியில் தைப்பூசக் காவடி வரும் வேளையில் சட்டையைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டுகிற ஈரப்பதம். அந்த வெக்கையில் உடல் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளவே பெரும்பாடு படுகிறது. இதயத் துடிப்பு தேவையின்றி ஏறுகிறது. ஆகையால் சிறந்த நேரத்துக்கான முயற்சியை மார்ச், ஏப்ரலுக்குத் தள்ளி வைப்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஜூன், ஜூலையிலேயே அதை முடித்துவிட்டு, வெயில் மாதங்களில் நீண்ட தூரத்தை நிதானமாக வலியுங்கள்.

ஊருக்கு ஊர் ஒப்பிடுவதிலும் ஒரு நுட்பம் உண்டு. என் மைத்துனர் ஜோகன்னஸ்பர்க்கை அடுத்த லெனேசியாவில் இருக்கிறார். ஜோகன்னஸ்பர்க் கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 1,750 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே காற்று மெலிது. விசிறிச் சக்கரத்தின் பக்கத்தில் 1 முதல் 10 வரை எண்ணிட்ட நெம்புகோல் ஒன்று இருக்கிறதல்லவா, அதை இருவரும் ஒரே எண்ணில் வைத்தாலும் அவருக்கு இழுவை குறைவாகவே இருக்கும். இதை அறிந்த இயந்திரம், ஒவ்வொரு இழுப்புக்குப் பிறகும் சக்கரம் எவ்வளவு விரைவாக வேகம் இழக்கிறது என்று அளந்து, டிராக் ஃபாக்டர் எனப்படும் இழுவை எண்ணைத் தானே கணித்துக்கொள்கிறது. மைத்துனர் நெம்புகோலைச் சற்று மேலே தள்ளி என்னுடைய இழுவை எண்ணுக்குச் சமமாக்கிக்கொள்ளலாம். ஆனால் நுரையீரலுக்குக் கிடைக்கும் பிராணவாயுவை எந்த நெம்புகோலாலும் கூட்ட முடியாது. ஆதலால் டர்பனில் என் நேரம் குறைவாக வருவதை வைத்து அவரை நான் கேலி செய்வதில்லை. அவரும் குளிர்கால விடுமுறைக்கு இங்கே வரும்போது தன் பருவக் கணக்கை நேர்செய்துகொள்கிறார்.

நெம்புகோலை 10-இல் வைத்தால்தான் ஆண்மை என்று எண்ணுகிறவர்கள் நம் ஜிம்களில் நிறையப் பேர். பத்தாம் எண் என்பது கடினமான பயிற்சி என்று பொருள்படாது. கனமான படகைத் தள்ளுவதற்கு ஒப்பானது. முதுகும் தோளும் அதில்தான் கெடும். இழுவை எண் 110-க்கும் 130-க்கும் இடையில் இருந்தால் பெரும்பாலோருக்கு வசதியாக இருக்கும். மானிட்டர் கணக்கில் கொள்வது நாம் தந்த ஆற்றலைத்தான்.

பாதுகாப்புப் பற்றிய வாசகரின் அச்சத்துக்கு வருகிறேன். இதய நோய் உள்ளவர்களும் இன்சுலின் எடுத்துக்கொள்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் முழு மூச்சில் வலிக்கக் கூடாது என்பதில் விவாதத்துக்கு இடமில்லை. இன்சுலின் எடுப்பவர்களுக்குப் பயிற்சியின்போதோ, சில வேளைகளில் பல மணி நேரம் கழித்தோ சர்க்கரை அளவு தாழ்ந்துபோகக்கூடும். கையருகே இனிப்பு ஏதாவது இருக்கட்டும். ஆனால் சிறந்த நேரத்தைத் துரத்துவது என்றால் நாள்தோறும் உயிரைக் கொடுத்து வலிப்பது என்று வாசகர் எண்ணுவதாகத் தெரிகிறது. அப்படிச் செய்பவருக்கு நேரம் குறையாது. பயிற்சியில் பெரும்பகுதி, பக்கத்தில் இருப்பவரோடு பேசிக்கொண்டே வலிக்கக்கூடிய மெதுவான வேகத்தில்தான் நடக்க வேண்டும். கடிகாரத்தோடு மல்லுக்கு நிற்கும் நாள்கள் பருவம் முழுவதிலும் மிகச் சிலவே.

அந்தச் சில நாள்களிலும் நிதானமே காரியத்தைச் சாதிக்கிறது. 5,000 மீட்டரை 22 நிமிடம் 30 விநாடிக்குள் முடிக்க வேண்டுமென்று வைத்துக்கொள்வோம்; 500 மீட்டருக்கு 2 நிமிடம் 15 விநாடி வீதம் வலிக்க வேண்டும். முதல் ஆயிரம் மீட்டரில் கால்கள் புதிதாக இருப்பதால் 2:10 என்பது விளையாட்டாகத் தோன்றும். அந்தச் சபலத்துக்கு இடம் கொடுத்தவர், மூவாயிரத்தைத் தாண்டும்போது மூச்சு முட்டி, திரையில் 2:20, 2:22 என்று எண் ஏறுவதைப் பார்த்தபடி தவிப்பார். தொடக்கத்தில் 2:16-இல் அடங்கிப் போகிறவருக்கு நடப்பது வேறு. இந்த வேகத்தில் போனால் எப்போது முடிப்பீர்கள் என்று மானிட்டரில் ஒரு மூலையில் காட்டச் செய்யலாம். மீதி 1,500 மீட்டர் இருக்கும்போது அந்த மூலையில் 22:34 என்று நின்ற எண், கால்களை இன்னும் கொஞ்சம் அழுத்தியதும் 22:33 ஆகிறது. பத்துப் பன்னிரண்டு இழுப்புகள் கழிந்து 22:32. பிறகு நெடுநேரம் அசையாமல் அடம்பிடிக்கிறது. கண்ணில் வியர்வை வழிய, கைப்பிடியை விடாமல், அது 22:29 ஆகும்வரை ஒரு தாத்தா வலிக்கிறார் என்றால் அதில் வீண் பெருமை எங்கே இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை.

கடிகாரத்தோடு போட்டியிடுவது டர்பனுக்குப் புதிதும் அன்று. 1921-இலிருந்து இந்நகருக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் இடையே நடக்கும் காம்ரேட்ஸ் ஓட்டத்தில் பன்னிரண்டு மணி நேரக் கெடு முடியும் துப்பாக்கி ஒலிக்கு முன்னால் எல்லைக்கோட்டைத் தொட, வயதானவர்கள் தள்ளாடி வருவதைக் கண்ணீரோடு கைதட்டி வரவேற்கும் ஊர் இது. முதல் ஓட்டத்தில் 8 மணி 59 நிமிடத்தில் வென்ற பில் ரோவனின் பெயராலேயே, ஒன்பது மணிக்குள் முடிப்பவர்களுக்கு ஒரு பதக்கம் இன்றும் வழங்கப்படுகிறது. அவர்களை யாரும் வீண் பெருமைக்காரர்கள் என்று சொல்வதில்லை. மூட்டு வலியால் சாலையில் ஓட இயலாமல் போனவர்களுக்கு, பாதம் தரையில் மோதாத இந்த இயந்திரத்தில் அதே உரிமை ஏன் மறுக்கப்பட வேண்டும்? மேலும், 2022, 2023-ஆம் ஆண்டுகளின் மின்வெட்டில் ஜிம்மில் டிரெட்மில்கள் எல்லாம் நின்றுவிட்டபோதும் இது மட்டும் ஓடிக்கொண்டிருந்ததை நினைவூட்ட விரும்புகிறேன். இதன் மானிட்டருக்கு இரண்டு பெரிய பேட்டரிகள் போதும். சக்கரத்தைச் சுழற்றுவது நம் கால்கள்தான்.

ஜிம் நடத்துவோருக்கும், மண்டபங்களில் முதியோர்க்கான பயிற்சி வகுப்பு நடத்தும் சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். இயந்திரத்தை மூலையில் போட்டுவிட்டு மறந்துவிடாதீர்கள். சக்கரக் கூண்டில் தூசி அடைந்தால் காற்றோட்டம் குறைந்து இழுவை எண் இறங்கிவிடும். சங்கிலிக்கு எண்ணெய் காட்டாவிட்டால் இழுப்பு கரகரக்கும். நான் போகும் இடத்தில் மானிட்டர் பேட்டரி தீர்ந்து வெகுநாள் ஆகியும் மாற்றாமல் வைத்திருந்தார்கள். கேட்டதற்கு, ‘அங்கிள், யார் அதைப் பார்க்கப் போகிறார்கள்?’ என்றார் பொறுப்பாளர். பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். மே 1-ஆம் தேதிக்கு முன்பாகவாவது கூண்டைத் திறந்து ஒரு முறை துடைத்து, புதிய பேட்டரி போட்டு, இழுவை எண்ணை எப்படிப் பார்ப்பது என்று ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் ஒட்டி வைத்தால், அந்த வாரமே சில முதியவர்கள் வந்து உட்காருவார்கள். தங்கள் உடல்நலப் பக்கத்திலும் ஏப்ரல் கடைசியில் இதைப் பற்றி ஒரு குறிப்பு வெளியிட்டு உதவுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
சாட்ஸ்வர்த், டர்பன்.