ஆக்ஸில் வாங்கும் முன் கியர் கணக்கைப் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிறிய நான்கு சக்கர உந்து வண்டிகளுக்குக் கனமான ஆக்ஸில் மாற்றுவது பற்றி உங்கள் வாகனப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஆக்ஸிலின் நடுவிலிருந்து இரு சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியலைப் பிரித்துப் பூட்டுவதுதான் என் பிழைப்பு. அதனால் சும்மா இருக்க முடியவில்லை. பெரிய டயர் போட்டால் சக்கரத்தைச் சுற்றும் ஆக்ஸில் ஷாஃப்ட் உடையும், ஆகவே முதலில் பெரிய வண்டியின் ஆக்ஸிலைக் கொண்டுவந்து பூட்டுங்கள், கியரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்கிறது கட்டுரை. இந்த வரிசை தலைகீழ். ஆக்ஸிலை வாங்கினால் அதற்குள் இருக்கும் கிரவுன் பினியனும் (சிறிய பினியன், அது சுற்றும் பெரிய கிரவுன் என்ற பல்சக்கர ஜோடி) சேர்ந்தே வந்துவிடும். ஒத்துவராத விகிதத்தோடு வந்த ஆக்ஸிலைப் பூட்டிவிட்டு, மறுபடி எல்லாவற்றையும் கழற்றுகிறவர்கள்தான் என் பட்டறைக்கு அதிகம் வருகிறார்கள்.

இந்த வேலைக்கு அடிக்கடி வரும் சுஸுகி சாமுராயையே எடுத்துக்கொள்கிறேன். 1.3 லிட்டர் என்ஜின். அதன் முறுக்குவிசை ஏறக்குறைய 100 நியூட்டன் மீட்டர். முதல் கியர் 3.65, முன், பின் ஆக்ஸில்களுக்குச் சுழற்சியை அனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸின் லோ (மெதுவாக ஏறுவதற்கான படி) 2.27, கிரவுன் பினியன் 3.73. மூன்றையும் பெருக்கினால் 31 வரும். என்ஜின் 31 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று. கம்பெனியிலிருந்து வரும் டயரின் உயரம் சுமார் 26.3 அங்குலம். அங்கே 31 அங்குல டயரை மாட்டினால் 3.73 என்பது 3.16 போல வேலை செய்யத் தொடங்கிவிடும். பாறையில் முன்சக்கரத்தை வைத்ததும் என்ஜின் திணறும். ஓட்டுபவர் கிளட்ச்சை அரை மிதியில் வைத்து ஆக்ஸிலரேட்டரை அமுக்குவார். சக்கரம் காற்றில் வேகமாகச் சுழன்று, கீழே இறங்கிப் பாறையைப் பிடிக்கும். அந்த நொடியில்தான் ஷாஃப்ட் போகும். ஷாஃப்டை உடைப்பது பெரும்பாலும் அந்த உலுக்கல்தான், சீராக ஏறும் முறுக்கு அல்ல.

இதை எண்களிலும் பார்க்கலாம். ஒரு சக்கரத்தின்மேல் 400 கிலோ பாரம் இருக்கிறது, தரையின் உராய்வு 0.8 என்று வையுங்கள். 31 அங்குல டயரில் சுமார் 1,235 நியூட்டன் மீட்டர் வரை சீராக ஏற்றலாம். அதற்கு மேல் டயர் வழுக்கிவிடும். 26 அங்குல டயரில் இந்த எல்லை 1,050 அளவில் நின்றுவிடும். ஆக, டயரின் உயரமே ஷாஃப்டின் சுமையைக் கூட்டுகிறது. கியரை எவ்வளவு தாழ்த்தினாலும், அதாவது விகித எண்ணை எவ்வளவு கூட்டினாலும், டயரின் பிடிப்பைத் தாண்டிச் சீரான முறுக்கு ஷாஃப்டுக்கு வராது. தாழ்ந்த கியரில் வண்டி ஆக்ஸிலரேட்டரைத் தொடாமலே ஊர்ந்து ஏறுவதால், உலுக்கலுக்கும் வழியில்லாமல் போகும். கியரை மட்டும் சரிசெய்துகொண்டு போனவர்களில் பலர் ஆக்ஸில் கேட்டுத் திரும்பி வரவே இல்லை. உங்கள் கட்டுரையாளர் இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

கியரை எங்கே தாழ்த்துவது என்பதுதான் அடுத்த கேள்வி. டிரான்ஸ்ஃபர் கேஸில் 4.16 லோ கியர் செட் போட்டால் மொத்த விகிதம் 31லிருந்து 56க்கு மேல் போகும். சாலையில் ஓடும் ஹை படி பெரிதாக மாறாது. ஆனால் டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து ஆக்ஸிலுக்குப் போகும் புரொப்பல்லர் ஷாஃப்டில், என்ஜின் முழுபலத்தில் இழுத்தால், முன்பு 830 நியூட்டன் மீட்டர் வரை ஏறக்கூடிய இடத்தில் இப்போது 1,500க்கு மேல் ஏறலாம். சக்கரம் பாறையிடுக்கில் சிக்கி வழுக்க முடியாமல் நின்றால், கிராஸ் (புரொப்பல்லர் ஷாஃப்டின் முனையில் இருக்கும் சிலுவை இணைப்பு), பினியன், ஷாஃப்ட் என்று பின்னால் உள்ள எல்லாமே அந்தச் சுமையைத் தாங்கியாக வேண்டும். கிரவுன் பினியனில் தாழ்த்தினால் புரொப்பல்லர் ஷாஃப்டுக்குச் சுமை ஒன்றும் ஏறாது, சாலை ஓட்டமும் சேர்ந்தே சரியாகும். பாறை ஏறுவது மட்டுமே குறி என்றால் டிரான்ஸ்ஃபர் கேஸ். நாலு நாள் சாலையிலும் ஒரு நாள் காட்டிலும் ஓடும் வண்டி என்றால் கிரவுன் பினியன். இரண்டும் வேண்டும் என்பவர்கள் இரண்டையும் செய்யட்டும், ஆனால் கிராஸ் ஒன்றைக் கருவிப்பெட்டியில் போட்டுக்கொண்டு போகட்டும்.

விகிதத்தைத் தேர்ந்தெடுக்கப் பெரிய படிப்பு வேண்டாம். புது டயரின் உயரத்தைப் பழைய டயரின் உயரத்தால் வகுத்து, பழைய விகிதத்தால் பெருக்குங்கள். 31 அங்குலத்துக்கு 4.40 வரும், 33க்கு 4.68. பெரிய டயர் எடையும் கூடியது என்பதால் அடுத்த படிக்கு ஏறிவிடுவது நல்லது. சாமுராய்க்குப் பெரிய ஆக்ஸிலாகக் கொண்டுவரும் டொயோட்டா ஹைலக்ஸின் 8 அங்குல டிஃபரன்ஷியலுக்கு 4.10, 4.56, 4.88, 5.29 என்று கிடைக்கிறது. 31 அங்குல டயருக்கு 4.56 போட்டால் ஐந்தாவது கியரில் 80 கிலோமீட்டர் வேகத்துக்கு என்ஜின் 2,750 சுற்று ஓடும். வண்டி புதிதாக வந்தபோது 2,650. அதே டயருக்கு 5.29 போட்டால் 3,200 ஆகிவிடும். நீண்ட பயணத்தில் காது தாங்காது.

எண் பெரிதாக இருந்தால் நல்லது என்று பேராசைப்படுகிறவர்களிடம் நான் இரண்டு பினியனைக் கையில் கொடுப்பேன். ஒன்று சாமுராயின் 3.73, 11 பல். இன்னொன்று டொயோட்டாவின் 5.29, 7 பல்தான். எதிரே கிரவுனில் 37. டிஃபரன்ஷியலே பெரியதாக இருந்தும் அந்த ஏழு பல் பினியனின் தலை எவ்வளவு ஒல்லி என்பது கையில் வாங்கியதும் தெரிந்துவிடும். விகிதம் ஏற ஏறப் பினியன் மெலியும். ஆக்ஸில் ஷாஃப்டைத் தடித்ததாக்கிவிட்டுப் பினியனை மெலியவைத்தால், உடையும் இடம் சக்கரத்தின் பக்கத்திலிருந்து டிஃபரன்ஷியலின் நடுவுக்கு மாறும். உடைந்த ஷாஃப்டை வழியிலேயே மாற்றிவிடலாம். பல் சிதறிய பினியனை மாற்ற முடியுமா?

பூட்டும் வேலையைப் பற்றியும் கட்டுரையில் ஒரே வரிதான்: "பொருத்திக்கொள்ளவும்." அது நட்டு முடுக்கும் வேலை இல்லை. பல்லில் மை தடவி, கிரவுனைக் கையால் தடுத்துப் பிடித்தபடி பினியனைச் சுற்றினால் தடம் விழும். தடம் பல்லின் நடுவில் விழ வேண்டும். அடிப்பக்கம் இறங்கியிருந்தால் பினியன் உள்ளே அதிகம் போயிருக்கிறது, பினியனின் இடத்தைத் தீர்மானிக்கும் மெல்லிய வளையமான ஷிம்மைக் குறைக்க வேண்டும். மேல் விளிம்பில் விழுந்தால் ஷிம்மைக் கூட்ட வேண்டும். பிறகு டயல் கேஜ் வைத்து, பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே உள்ள தளர்வான பேக்லாஷைப் பார்ப்பேன். டொயோட்டா 8 அங்குலத்துக்கு 0.13 முதல் 0.18 மில்லிமீட்டர். ஷிம்மை மாற்றினால் பேரிங்கைக் கழற்றி மறுபடி அழுத்த வேண்டும், மறுபடி மை, மறுபடி டயல். ஒரு டிஃபரன்ஷியலோடு பொழுது முழுக்கப் போராடும் நாளும் உண்டு. பக்கத்தில் நின்று "இன்னும் ஆகலையா அக்கா?" என்று கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை. இதை அவசரத்தில் முடித்தால் டிஃபரன்ஷியலின் ஊளைச் சத்தம் வண்டி இருக்கும்வரை கூடவே வரும்.

இத்தனைக்கும் பிறகு ஆக்ஸில் மாற்றியே தீர வேண்டும் என்றால், ஷாஃப்டின் விட்டத்தைப் பாருங்கள். முறுக்கைத் தாங்கும் வலு விட்டம் × விட்டம் × விட்டம் என்ற கணக்கில் கூடும். ஒரே இரும்பில் 26 மில்லிமீட்டரை 30 ஆக்கினால் வலு பாதிக்கு மேல் கூடிவிடும். ஷாஃப்டின் முனையில் வெட்டியிருக்கும் ஸ்ப்லைன் பல்லின் எண்ணிக்கையை மட்டும் கேட்டு வாங்குவது ஏமாறும் வழி. சக்கரம் மாட்டும் ஹப், ஆக்ஸில் குழாயின்மேல் தனியாக நிற்கும் வகையில் ஷாஃப்ட் உடைந்தாலும் சக்கரம் வண்டியோடு இருக்கும். சக்கரத்தை ஷாஃப்டே தாங்கும் வகையில் உடைந்தால் சக்கரமே கழன்று போகலாம். சாமுராய்க்கு சக்கரத்தில் 5 போல்ட், ஹைலக்ஸுக்கு 6 என்பதால் ரிம்மும் மாறும். பெரிய பிரேக் வந்தால் மாஸ்டர் சிலிண்டரையும் பார்க்க வேண்டும். இன்னொன்றும் உண்டு: 26லிருந்து 31 அங்குல டயருக்குப் போனால் ஆக்ஸில் தரையிலிருந்து உயர்வது இரண்டரை அங்குலம்தான். பெரிய டிஃபரன்ஷியலின் வயிறு அதில் ஒரு பங்கைத் திரும்பத் தின்றுவிடும்.

பட்டை ஸ்பிரிங் உட்காரும் தட்டை வெல்டிங் செய்வதைப் பற்றித் தனியாகவே எழுதலாம். இங்கே ஒன்று மட்டும். முதலில் புள்ளி வெல்டிங் மட்டும் வையுங்கள். வண்டியின் முழு எடையும் ஸ்பிரிங்கில் இறங்கிய பிறகு பினியனின் கோணத்தைச் சரிபார்த்துவிட்டுத்தான் முழு வெல்டிங், அதுவும் சிறுசிறு துண்டாக, ஆறவிட்டு. இழுத்த இழுப்பில் வெல்டிங் செய்தால் குழாய் வளைந்துவிடும்.

இவ்வளவையும் அச்சிட இடமில்லை என்றால் போகட்டும். ஆனால் கட்டுரையில் ஆபத்தான வரி ஒன்று இருக்கிறது: "கை கடித்தால் பின் ஆக்ஸிலை மட்டும் இப்போது மாற்றி, முன் ஆக்ஸிலைப் பிறகு மாற்றலாம்." விகிதம் ஒன்றாக இருந்தால் செய்யலாம். முன்னால் 3.73, பின்னால் 4.56 என்று வைத்துக்கொண்டு நான்கு சக்கர உந்தைப் போட்டால், நடுவில் டிஃபரன்ஷியல் இல்லாத இந்த டிரான்ஸ்ஃபர் கேஸ் இரண்டு புரொப்பல்லர் ஷாஃப்டையும் ஒரே வேகத்தில்தான் சுற்றும். சக்கரங்களோ 22 சதவீத வித்தியாசத்தில் ஓட விரும்பும். காய்ந்த கெட்டித் தரையில் கிராஸோ, டிரான்ஸ்ஃபர் கேஸின் கியரோ, ஏதாவது ஒன்று போயே தீரும். சுஸுகியின் இன்னொரு வண்டியான எஸ்ஜே 410இன் 4.11க்கும் டொயோட்டாவின் 4.10க்கும் உள்ள வித்தியாசம் மண்ணிலும் சேற்றிலும் கரைந்துவிடும். அதற்கு மேல் வேண்டாம். பழைய ஆக்ஸில் வாங்குபவர்கள் விற்பவரின் வாய்ச்சொல்லை நம்பாமல், ஒரு சக்கரத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு மறு சக்கரத்தைச் சரியாக இரண்டு சுற்று சுற்றட்டும். அதற்குள் பினியன் எத்தனை சுற்று சுற்றுகிறதோ அதுதான் விகிதம். ஆபத்தான அந்த வரிக்கான திருத்தத்தையாவது அடுத்த வாரமே வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
டிஃபரன்ஷியல் பூட்டும் வாசகி ஒருத்தி