ஒளி செய்த முகங்கள்

அன்புள்ள வசந்தா,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லாரும் நலம். தம்பிக்கு மதுரைக்கே மாற்றல் கிடைத்துவிட்டது. கோமதி உன்னை விசாரித்தாள்.

விஷயத்துக்கு வருகிறேன். பழைய ஹாலிவுட் நடிகைகளின் அழகெல்லாம் ஸ்டுடியோக்காரர்கள் பூசிய பூச்சு, கழுவினால் போய்விடும் என்று நீ ஒரே வரியில் எழுதிவிட்டாய். கல்லூரி நாளிலிருந்தே தீர்ப்பை எழுதிவிட்டு அப்புறம் வழக்கை விசாரிக்கிறவள் நீ. பூச்சு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அது எப்படிப்பட்ட வேலைப்பாடு என்பதையும், அதற்கு அந்தப் பெண்கள் என்ன விலை கொடுத்தார்கள் என்பதையும் நீ அறியாமல் அந்த வரி உன் கையெழுத்தில் நிற்பதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

ஜார்ஜ் ஹரெல் என்ற புகைப்படக்காரரிலிருந்து தொடங்குகிறேன். 1929-இல் நார்மா ஷீரர், எம்.ஜி.எம். என்ற ஹாலிவுட் பட நிறுவனத்தில் பெரிய நட்சத்திரம். அங்கே தயாரிப்பைக் கவனித்துவந்த இர்விங் தால்பெர்க்கின் மனைவியும்கூட. அப்படியிருந்தும், ஒரு படத்தின் கதாநாயகிக்கு வேண்டிய கவர்ச்சி தன் மனைவியிடம் இல்லை என்று தால்பெர்க் நினைத்தார். ஷீரர் ஹரெலிடம் போய்ப் படமெடுத்துக்கொண்டு வந்து கணவரிடம் காட்டினார். வேடம் கிடைத்தது, அந்த நடிப்புக்கு ஆஸ்கர் விருதும் கிடைத்தது. 1930-இல் ஹரெலையே எம்.ஜி.எம். வேலைக்கு எடுத்துக்கொண்டது.

அவர் 1931-இல் ஜோன் கிராஃபோர்டை எடுத்த ஒரு படத்தின் இரண்டு பிரதிகளை அச்செடுத்து இந்த உறையில் வைத்திருக்கிறேன். ஒன்றில் நெற்றி, கன்னம், மூக்கு, தோள் எங்கும் கருத்த புள்ளிகள். கண்ணுக்குக் கீழே மெல்லிய கோடுகள். மற்றொன்றில் ஒரு புள்ளியும் இல்லை. எட்டுக்குப் பத்து அங்குல நெகடிவ் என்பதால் அதன்மேலேயே கையால் வேலை செய்ய இடமிருந்தது. அச்சில் கருத்துத் தெரியும் புள்ளி நெகடிவில் வெளிறித்தானே இருக்கும்? அந்த வெளிறிய இடத்தில் கூரிய பென்சிலால் சிறிது சிறிதாகக் கருமை ஏற்றினால் அச்சில் அந்த இடம் வெளுத்து, சுற்றியுள்ள தோலோடு கலந்துவிடும். இப்படி ஒவ்வொரு புள்ளியாகப் பல மணி நேரம் உட்கார்ந்து நிரவியிருக்கிறார்கள். ஆனால் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார். கண்களின் வீச்சும், தாடையின் பிடிவாதமும், முகத்தைச் செதுக்கியதுபோல் ஒரு பக்கத்திலிருந்து இறங்கும் வெளிச்சமும் இரண்டிலும் ஒன்றுதான். பென்சில் நீக்கியது புள்ளிகளையும் கோடுகளையும் மட்டுமே.

அந்த வெளிச்சம் ஒவ்வொரு முகத்துக்கும் தனியாக வகுக்கப்பட்டது. மார்லின் டீட்ரிச்சுக்கு நேர் முன்னால் உயரத்திலிருந்து விளக்கு விழும். மூக்கின் அடியில் சின்ன நிழல் தங்கும், கன்ன எலும்புகளுக்குக் கீழே குழி விழும். கிரேட்டா கார்போவின் பெரும்பாலான அமெரிக்கப் படங்களுக்கு வில்லியம் டேனியல்ஸ்தான் ஒளிப்பதிவாளர். 1933-இல் வந்த ‘குவீன் கிறிஸ்டினா’வின் கடைசிக் காட்சியில், காதலனை இழந்து கப்பலின் முனையில் நிற்கும் கார்போவிடம் எதையுமே நினைக்க வேண்டாம் என்றாராம் இயக்குநர் ரூபன் மமூலியன். அந்த வெறுமையான முகத்தில் துக்கத்தைப் பார்ப்பவரும் உண்டு, விடுதலையைப் பார்ப்பவரும் உண்டு. பூச்சுக்கு அந்த வலிமை ஏது, வசந்தா?

இந்த வித்தை நம் ஊருக்கும் வந்தது. அமெரிக்காவில் திரைக்கலை படித்துவிட்டு வந்த எல்லிஸ் டங்கன் ‘மீரா’வை எடுக்கத் தொடங்குமுன், எம்.எஸ். சுப்புலட்சுமியின் முகத்தைப் பிளாஸ்டரில் வார்த்து, ஒளிப்பதிவாளர் ஜிதேன் பானர்ஜியோடு சேர்ந்து அந்த வார்ப்பின்மேல் பல கோணங்களில் வெளிச்சம் போட்டுப் பார்த்தார். 1945-இல் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு மீராவே நேரில் வந்தாற்போல் உருகியவர்களில் உன் அம்மாவும் ஒருவர். அவரிடம் போய்ப் பூச்சு என்று சொல்லிப் பார்.

இனி விலை. ரீட்டா ஹேவொர்த்தின் இயற்பெயர் மார்கரீட்டா கான்சினோ. ஸ்பானிய நடனக்காரரின் மகள். நெற்றி குறுகலாக இருக்கிறதென்று, முன்முடியை மின்சாரத்தால் வேரோடு ஒவ்வொன்றாகக் கருக்கி அகற்றினார்கள். கருங்கூந்தலுக்குச் செந்நிறம் ஏற்றினார்கள். தகப்பன் பெயரை எடுத்துவிட்டு, தாய்வழிப் பெயரை எழுத்து மாற்றி ஒட்டினார்கள். அதையெல்லாம் அவர் தாங்கிக்கொண்டார். 1946-இல் அவர் நடித்த ‘கில்டா’ படம் வெளிவந்தது. அதே ஆண்டு ஜூலையில் பசிபிக் கடலிலுள்ள பிக்கினித் தீவில் அமெரிக்கா வெடித்துச் சோதித்த அணுகுண்டுக்குக் கில்டா என்று பெயர் எழுதி, அவருடைய படத்தையும் அதன்மேல் ஒட்டினார்கள். கேள்விப்பட்டதும் அவர் கொதித்துப்போனதாகவும், வாஷிங்டனுக்கே போய்ப் பத்திரிகையாளர்களைக் கூட்டி எதிர்ப்புத் தெரிவிக்க நினைத்தபோது ஸ்டுடியோ முதலாளி தடுத்துவிட்டதாகவும் அப்போது அவருடைய கணவராக இருந்த ஆர்சன் வெல்ஸ் பின்னாளில் சொல்லியிருக்கிறார். இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. தன் முகம் எதன்மேல் ஒட்டப்படலாம் என்று சொல்லும் உரிமைகூட அவருக்கு இல்லை.

எல்லாரும் அடங்கிப் போய்விடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கொடுத்த வேடத்தை மறுத்தால் ஸ்டுடியோ நடிகரைச் சம்பளமில்லாமல் நிறுத்திவைக்கும். நிறுத்திவைத்த காலத்தை ஒப்பந்தத்தின் வாலில் சேர்த்து நீட்டிக்கொண்டே போகும். ஒருவரை ஏழு ஆண்டுக்குமேல் ஒப்பந்தத்தில் கட்டிவைக்கக் கூடாது என்பது கலிஃபோர்னியா சட்டம். அதைக் காட்டி நடிகை ஒலிவியா டி ஹாவிலண்ட் வார்னர் நிறுவனத்தின்மேல் வழக்குப் போட்டார். ஏழு ஆண்டு என்றால் நாட்காட்டியின்படி ஏழே ஆண்டுதான் என்று 1944-இல் கலிஃபோர்னியா மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அந்தச் சட்டத்தை இன்றும் அவர் பெயரால்தான் சொல்கிறார்கள். 104 வயது வரை வாழ்ந்து 2020-இல் இறந்தார். அவருடைய பழைய படங்களில் அந்த மென்மையான முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த நீதிமன்றமும் சேர்ந்தே தெரிகிறது. அழகு அதனால் கூடித்தான் போகிறது.

மார்கழியில் வருவதாக எழுதியிருக்கிறாய். இந்தத் தடவையும் கடைசி நேரத்தில் மருமகளைச் சாக்குச் சொன்னால் நான் ஏற்கமாட்டேன். ‘குவீன் கிறிஸ்டினா’வைச் சேர்ந்து பார்ப்போம். அதற்கு முன் உறையிலுள்ள இரண்டு படங்களில் புள்ளிகள் உள்ளதை முதலில் எடுத்துப் பார்த்துவிட்டு, இரண்டில் எது கிராஃபோர்ட் என்று உனக்குத் தோன்றுகிறதோ அதைக் காரணத்தோடு எழுது. ஒரு வரியில் எழுதினால் திருப்பி அனுப்பிவிடுவேன்.

என்றும் அன்புடன்,
மீனாட்சி