உன் மாமனார் ஒருமுறை பார்க்கட்டும்

வேலூர்,
பொங்கல் முடிந்த வாரம்

மச்சான்,

நலம், நலமறிய ஆவல். பொங்கலுக்கு வராததற்கு நீ சொன்ன காரணத்தை இங்கே ஒருத்தரும் நம்பவில்லை. அத்தை மட்டும் "பாவம், அவனுக்கு என்ன வேலையோ" என்றது. உனக்கென்று எடுத்து வைத்த முள்ளு கத்தரிக்காயைக் குண்டன் தின்று தீர்த்தான். அவன் வீடு கட்டி முடித்துவிட்டான், படிக்கட்டு நீ சொன்ன மாதிரியேதான் வந்திருக்கிறது. வந்து பார்த்துச் சிரி.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே நக்கல் ஆரம்பித்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

பெரியவன் குத்துச்சண்டை பழகுவது உனக்குத் தெரியும். காலேஜ் முடிகிற வரைக்கும் ஆடட்டும், மெடல் கிடைத்தால் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ரயில்வேயோ போலீஸோ ஏதாவது கிடைக்கும் என்று நானும் விட்டிருந்தேன். இப்போது துரை, "நைனா, நான் புரொஃபஷனல் ஆகப்போறேன்" என்கிறான். வெல்டர்வெயிட்டாம். 147 பவுண்டு, அதாவது 66 கிலோ 680 கிராமுக்கு மேலே போகக்கூடாது. நம்ம அரிசி மண்டி திறந்ததும் முதல் போணி இவன்தான். மூட்டை போடுகிற தராசில் ஏறி நிற்கிறான். நேற்று 67 கிலோ 150 காட்டியது. இறங்கி, பனியனைக் கழற்றிப் போட்டுவிட்டு மறுபடி ஏறினான். லோடு இறக்குகிற ஆள் ஒருத்தர், "முதலாளி, இது பொன்னியா, சோனாவா? கொஞ்சம் ஈரம் இருக்குது போல" என்றார். கடையே சிரித்தது. இவன் சிரிக்கவில்லை. ரெண்டு ஜெர்சியை மாட்டிக்கொண்டு கோட்டையைச் சுற்றி ஓடப் போய்விட்டான். இந்த மாசத்தில் ஓடுவது பெரிசில்லை, மே மாசத்தில் வேலூர் வெயிலில் இதே கூத்தை நடத்தினால் என்ன ஆகும் என்று அவன் அம்மா இப்போதே புலம்புகிறாள்.

எல்லாம் டெரன்ஸ் கிராஃபோர்ட் என்கிற அமெரிக்கக் குத்துச்சண்டைக்காரர் பண்ணின வேலை. 2025 செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பையன் என்னையும் நெட்ஃபிளிக்ஸ் முன்னால் உட்கார வைத்தான். எதிராளி கனேலோ ஆல்வரஸ். கறிக்கடைக்குப் போகணும் என்று எழுந்தவன், பன்னிரண்டு ரவுண்டும் பார்த்துவிட்டுத்தான் போனேன். அதற்குள் நல்ல கறி தீர்ந்துவிட்டது, அது வேறு கதை. அன்றிலிருந்து அவரைப் பற்றிப் பையன் சொல்வதைக் கேட்கிறேன், ராத்திரி கணக்கு முடித்த பிறகு பழைய சண்டைகளைப் பார்க்கிறேன். சிரிக்காதே.

ஆள் ஓமஹா என்கிற ஊர். பாக்சிங் என்றால் லாஸ் வேகாஸ், நியூயார்க் என்பார்களே, அந்த வரிசையில் வராத ஊர். 2008 மார்ச்சில் புரொஃபஷனலாக முதல் சண்டை. அதே வருஷம் ஒரு ராத்திரி சூதாடிவிட்டுக் காரில் உட்கார்ந்து பணம் எண்ணிக்கொண்டிருந்தபோது, பின்கண்ணாடியைத் துளைத்து வந்த குண்டு தலையில் பட்டது. கண்ணாடியில் வேகம் குறைந்ததால் பிழைத்தார். தானே காரை ஓட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார். பையன் இதை தோசை தின்றபடி சந்தோஷமாகச் சொல்கிறான். உன் தங்கச்சி கரண்டியைக் கையிலேயே வைத்துக்கொண்டு, "அவங்க அம்மா என்ன பண்ணுச்சாம்?" என்று கேட்டாள். அவனிடம் பதில் இல்லை.

2014 மார்ச்சில் ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோவுக்குப் போய், ரிக்கி பர்ன்ஸை அவர் ஜனத்தின் முன்னாலேயே பாயிண்டில் ஜெயித்து முதல் உலகப் பட்டம் வாங்கினார். அப்போது லைட்வெயிட், 61 கிலோ. அதே வருஷம் அதே கிளாஸ்கோவில்தான் நம்ம சத்துவாச்சாரி சதீஷ் சிவலிங்கம் காமன்வெல்த்தில் 77 கிலோ பிரிவில் மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வாங்கினார். இதைச் சொன்னதும் பையனுக்கு ஒரே குஷி, ஏதோ ஜாதகப் பொருத்தம் கிடைத்த மாதிரி. சதீஷ் பளு தூக்கினார், ரயில்வேயில் வேலையும் இருக்கிறது என்று நான் ஞாபகப்படுத்தினேன். காதில் விழவில்லை.

பிறகு 63 கிலோவுக்கு மேலே ஏறி, 2017-ல் அந்த எடையில் நான்கு உலக அமைப்புகளின் பட்ட பெல்ட்டும். அடுத்த ஜூனில், பிலிப்பைன்ஸ் சாம்பியன் பக்கியாவோவை ஜெயித்திருந்த ஜெஃப் ஹார்னை ஒன்பதாவது ரவுண்டில் நிறுத்தி வெல்டர்வெயிட் பட்டம். வலது கைக்காரர் மச்சான், ஆனால் சண்டை நடுவிலேயே நிற்கிற நிலையை மாற்றி இடது கைக்காரராகிவிடுவார். எதிராளி பழகின கணக்கு அத்தனையும் தலைகீழாகிவிடும். ஆரம்பத்தில் ஓரிரு ரவுண்டு சும்மா விட்டுக்கொடுத்து ஆளை அளப்பார். அப்புறம் கதவைச் சாத்துவார். இவனும் மாடியில் இடம் வலம் மாறி மாறிக் குத்திப் பார்க்கிறான், கால் பின்னிக்கொள்கிறது.

ஆனால் எனக்கு உறைத்தது குத்து இல்லை, ஹார்னுக்குப் பிறகு வந்த ஐந்து வருஷம். ஒரு பெல்ட் இவரிடம். காலப்போக்கில் மீதி மூன்றும் எரால் ஸ்பென்ஸிடம் போய்ச் சேர்ந்தன. ரெண்டு பேருமே தோற்காதவர்கள். ஊரெல்லாம் இந்தச் சண்டையைத்தான் கேட்டது. நடக்கவில்லை. சண்டை ஏற்பாடு பண்ணுகிற கம்பெனி இவருக்கு ஒன்று, அவருக்கு வேறு ஒன்று. நம்ம மண்டித் தெருவில் எதிரெதிர் கடைக்காரர்கள் ஒரே லாரியில் லோடு ஏற்ற மாட்டோம் என்பார்களே, அதே வீம்பு. இவர் அமீர் கான், கெல் புரூக், ஷான் போர்ட்டர் என்று வந்தவர்களை எல்லாம் அடித்துக்கொண்டே காத்திருந்தார். கடைசியில் கம்பெனியை விட்டு வெளியே வந்த பிறகு, 2023 ஜூலையில்தான் ஸ்பென்ஸ் கிடைத்தார். ரெண்டாவது ரவுண்டில் ஒருமுறை, ஏழாவதில் ரெண்டு முறை விழவைத்து, ஒன்பதாவதில் முடித்தார். அப்போது இவருக்கு வயசு 35. தயாராகக் கையைக் கட்டிக்கொண்டு நின்ற ஆளுக்கே அத்தனை வருஷம் ஓடிவிட்டது. கனேலோவுக்காக 76 கிலோ வரைக்கும் ஏறி ஜெயித்துவிட்டு, 2025 டிசம்பரில் ஓய்வு என்று அறிவித்துவிட்டார். 42 சண்டை, ஒன்றில்கூடத் தோற்கவில்லை.

அவருக்கே இந்தக் கதி என்றால் என் மகனுக்கு யார் இருக்கிறார்கள்? போன மாசம் வெளியூர் ஆள் ஒருத்தர் போன் பண்ணினார், பேரும் ஊரும் வேண்டாம். ஒரு சண்டை தருகிறாராம். போக வர செலவு நம்முடையது, டிக்கெட்டையும் இவனே விற்றுக்கொடுக்க வேண்டும். "அப்போ பணம்?" என்றேன். "எக்ஸ்போஷர் சார்" என்றார். அரிசி வியாபாரத்தில் இப்படி ஒருத்தன் பேசினால் தண்ணி கொடுத்து அனுப்பிவிடுவேன். பையனோ கண்ணெல்லாம் விரிய நிற்கிறான். விஜேந்தர் போகவில்லையா என்கிறான். போனார். 2008 ஒலிம்பிக் வெண்கலத்தைக் கையில் வைத்துக்கொண்டு, 2015-ல் போனார்.

பணம்கூடப் போகட்டும் மச்சான். இப்போது ஆடுவது மூன்று ரவுண்டு, ஒன்பது நிமிஷம், முடிந்தது. அங்கே பட்டச் சண்டை என்றால் பன்னிரண்டு ரவுண்டு, 36 நிமிஷம், இதைவிடச் சின்ன கிளவுஸ். ஜெயிக்கிறவனும் தலையில் வாங்கித்தான் ஜெயிக்கிறான். அது அன்றைக்கே தெரியாது, நாற்பது வயசில் கை நடுங்கும்போதுதான் தெரியும் என்கிறார்கள். ராத்திரி இவன் தூங்கும்போது போய்ப் பார்க்கிறேன். மூக்கு இன்னும் உன் தங்கச்சி மூக்காகவே இருக்கிறது.

போகாதே என்று சொல்லிவிடலாம், கேட்டும் கொள்வான். ஆனால் அப்புறம் மண்டியில் உட்கார்ந்து முப்பது வருஷம் என் முகத்தையே பார்ப்பான். அதற்கும் பயமாக இருக்கிறது. இவனிடம் சரக்கு இருக்கிறதா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அரிசியை உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்தால் சொல்லிவிடுவேன், இதைச் சொல்ல எனக்குக் கண் இல்லை.

உன் மாமனாருக்கு இருக்கிறது. ராயபுரத்தில் ரோசமான குத்துச்சண்டை பார்த்து வளர்ந்த மனுஷன், தானும் ரிங் ஏறினவர். கல்யாணப் பந்தியில் உன்னைப் பார்த்ததுமே "மாப்பிள்ளைக்கு வலது தோள் தொங்குது" என்று சொன்னவர், ஊரீஸ் காலேஜ் கிரவுண்டில் நீ வாங்கின அடி அவருக்கு யாரும் சொல்லாமலே தெரிந்துவிட்டது. பையனை ஞாயிற்றுக்கிழமை அனுப்புகிறேன். அங்கே யாராவது நல்ல பையனோடு நாலு ரவுண்டு ஆடட்டும், அவர் ஓரமாக நாற்காலி போட்டுப் பார்க்கட்டும். முகத்துக்காக ஒன்றும் சொல்ல வேண்டாம். தேறும் என்றால் யாரிடம் பழக வேண்டும், எந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடக்கூடாது என்று அவரே சொல்லட்டும். தேறாது என்றால் அதையும் அவனிடமே நேராகச் சொல்லட்டும், என் வழியாக வேண்டாம்.

காட்பாடியில் காலை ரயில் ஏற்றிவிடுகிறேன். சென்ட்ரலுக்கு நீயே வா, உன் சின்னவனை அனுப்பாதே, போன தடவை ரெண்டு பேரும் பீச்சுக்குப் போய்விட்டார்கள். பெரியவருக்கு ஆற்காடு மக்கன் பேடா கொடுத்தனுப்புகிறேன். சுகர் இருக்கிறது என்று நீ பிடுங்கித் தின்னாதே. எடை குறைக்கிறேன் என்று பையன் உங்கள் வீட்டில் சாப்பிடாமல் ஏமாற்றுவான், உன் வீட்டுக்காரியிடம் சொல்லி வை.

உன்,
நெட்டை