அந்த போர்டைக் கழற்றிக் கொடுத்துவிடாதே

அன்புள்ள தம்பிக்கு,

கேம் ஆடும் உன் கம்ப்யூட்டரை முழுதாக மாற்றக் கடைக்காரர் போட்டு, நீ அனுப்பிய கொட்டேஷனைப் பார்த்தேன். புது கேபினட், புது மதர்போர்டு, டிடிஆர்5 ராம், கண்ணாடிக் கதவு, உள்ளே கலர் லைட் எரியும் மூன்று ஆர்ஜிபி ஃபேன். உன் பழைய மெஷினை எக்ஸ்சேஞ்சில் எடுத்துக்கொள்வதாகவும் எழுதியிருக்கிறார்கள். அதற்குப் போட்டிருக்கும் தொகை ஒரு நல்ல கீபோர்டு வாங்கக்கூடக் காணாது. "எட்டு வருஷம் ஆச்சு, இனிமே அதுல காசு போடுறது வேஸ்ட்" என்று சித்தப்பாவும் பாதி ஒத்துக்கொண்டுவிட்டாராம், சித்தி போனில் சொன்னார். அவர் பணத்தை எடுப்பதற்குள் இதைப் படித்துவிடு, அவருக்கும் படித்துக் காட்டு. இதே யோசனையில் சேலத்தில் இன்னும் பல பேர் இருப்பார்கள் என்பதால் பொதுவிலேயே எழுதுகிறேன்.

முழுதாக மாற்ற வேண்டாம் என்பதுதான் என் பதில். அதற்குக் காரணம் மெஷினின் வயது இல்லை, எல்லாப் பாகங்களும் உட்காரும் உன் மதர்போர்டு.

உன்னிடம் இருப்பது ரைசன் 5 1600. 2017-இல் வந்த பிராசஸர், மெஷினின் மூளை. அது உட்கார்ந்திருக்கும் பி350 போர்டில் ஏஎம்4 சாக்கெட், அதாவது பிராசஸரைப் பொருத்தும் இடம். ரைசனைச் செய்யும் ஏஎம்டி அந்தச் சாக்கெட்டை அடுத்தடுத்த தலைமுறைகளுக்கும் வைத்திருந்தது, அதனால் 2022-இல் வந்த ரைசன் 5 5600-உம் அதே இடத்தில் உட்காரும். இரண்டிலும் 6 கோர் (கணக்குப் போடும் பகுதி), 12 த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை). இரண்டுமே 65 வாட். ஆனால் கோரின் வடிவமைப்பு மூன்று படி தாண்டி வந்தது, பிராசஸருக்குள்ளேயே இருக்கும் எல்3 கேஷ் மெமரி 16 எம்பியிலிருந்து 32 எம்பி ஆகியிருக்கிறது. கேமில் இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

அஸ்தம்பட்டியில் இருக்கும் உன் நண்பன் கதை வேறு. அவனுடையதும் 2017 மாடல்தான், இன்டெலின் ஏழாம் தலைமுறை ஐ5-7400. அதன் சாக்கெட் எல்ஜிஏ 1151. இன்டெலின் எட்டாம் தலைமுறைக்கும் அதே 1151 என்றுதான் பெயர், ஆனால் அவனுடைய 200 வரிசை போர்டில் அது ஓடாது. அதே தலைமுறை ஐ7 ஒன்றை செகண்ட் ஹேண்டில் தேடிப் போடலாம், அதோடு பாதை முடிந்தது. அவன் கேட்டால் நானே மாற்றச் சொல்லுவேன். உன்னையும் அவனையும் ஒரே கணக்கில் வைத்து "2017 மெஷின் எல்லாம் ஸ்கிராப்" என்று கடையில் சொன்னார்கள் பார், அங்கேதான் எனக்கு எரிச்சல்.

இன்னொன்று. கொட்டேஷனில் ராம், அதாவது மெமரி வரிக்கு எதிரே இருக்கும் தொகையைக் கவனித்தாயா? ஏஐ டேட்டா சென்டர்களுக்கு மெமரி விற்பதில்தான் இப்போது லாபம் என்பதால் தயாரிப்பாளர்கள் அந்தப் பக்கம் திரும்பிவிட்டார்கள். 2025 கடைசியில் விலை ஏறு ஏறு என்று ஏறியது. மைக்ரான் நிறுவனம் நம் மாதிரி ஆட்களுக்கு விற்றுவந்த க்ரூஷியல் வியாபாரத்தையே நிறுத்தப்போவதாக அந்த டிசம்பரில் அறிவித்தது. கொட்டேஷனில் இருக்கும் அந்தப் புது போர்டுக்குப் போனால் புதிய வகை டிடிஆர்5 ராம் வாங்கியே ஆக வேண்டும். உன்னிடம் ஏற்கெனவே இருக்கும் டிடிஆர்4 ராமுக்கு இந்த நேரத்தில் நல்ல மதிப்பு. அதையும் சேர்த்துத்தான் எக்ஸ்சேஞ்சில் கேட்கிறார்கள்.

ஆனால் எதையும் வாங்குவதற்கு முன்னால் கேபினட்டைத் திற. உன் வீட்டில் கீழே தறி ஓடுகிறது, மேலே உன் அறை. அம்மாப்பேட்டையில் எத்தனையோ வீட்டில் இதுதான் அமைப்பு. தறிப்பஞ்சு சாதாரணத் தூசி மாதிரி இல்லை, பிராசஸரின் சூட்டை இழுக்கும் ஹீட் சிங்க்கின் தகடுகளுக்கு இடையில் கம்பளி போலப் படிந்துவிடும். ஃபேன் சுற்றிக்கொண்டே இருக்கும், காற்று மட்டும் உள்ளே போகாது. சேலத்து ஏப்ரல் வெயிலில், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே, பிராசஸர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துவிடும். மதியம் கேம் திக்குகிறது, ராத்திரி பரவாயில்லை என்று நீயே சொன்னாய் அல்லவா? வயசான மெஷினாக இருந்தால் ராத்திரியிலும் திக்கியிருக்குமே.

மொட்டை மாடிக்கு எடுத்துப் போய்ச் சுத்தம் செய். பிளோயர் அடிக்கும்போது ஃபேனை விரலால் பிடித்துக்கொள், காற்று வேகத்தில் தாறுமாறாகச் சுற்றினால் பேரிங் போய்விடும். டூவீலர் ஒர்க்‌ஷாப் கம்ப்ரஸரில் அடிக்கலாமே என்று யாராவது சொல்வார்கள். வேண்டாம், அந்தக் காற்றோடு தண்ணீரும் வரும். பிராசஸருக்கும் ஹீட் சிங்க்குக்கும் நடுவில் தடவிய தெர்மல் பேஸ்ட் இந்நேரம் காய்ந்து பொடியாகியிருக்கும், அதையும் மாற்ற வேண்டும். கூலரை (ஹீட் சிங்க்கும் அதன் ஃபேனும்) கழற்றும் முன் மெஷினைக் கொஞ்ச நேரம் ஓட விட்டு, சூடு ஏறியதும் ஆஃப் செய்து பிளக்கைப் பிடுங்கிவிடு. பிறகு கூலரை இடம் வலமாகத் திருகித் திருகி எடு. நேராக இழுத்தால் ஏஎம்4-இல் பிராசஸரும் ஒட்டிக்கொண்டு மேலே வந்துவிடும். பின்கள் பிராசஸரில்தான் இருக்கின்றன, ஒன்று வளைந்தாலும் அன்றைய பொழுது போச்சு.

சுத்தம் செய்தபின் ஒரு சோதனை. நீ வழக்கமாக ஆடும் கேமில் ஒரே இடத்தில் நின்று செகண்டுக்கு எத்தனை ஃபிரேம் (படம்) வருகிறது என்று குறித்துக்கொள். ரெசல்யூஷனை 1080-இலிருந்து 720-க்கு இறக்கு. ஃபிரேம் கணிசமாக ஏறினால் தடுப்பது கிராஃபிக்ஸ் கார்டு. அசையாமல் அங்கேயே நின்றால் பிராசஸர். கொட்டேஷன் போட்டவர் இதைச் செய்து பார்த்தாரா என்று எனக்குச் சந்தேகம்.

நீ ஆடும் வேலரன்ட் கேமில் பிராசஸர்தான் குற்றவாளியாக வரும் என்று நினைக்கிறேன், கார்டுக்கு அந்த கேம் பெரிய சுமை இல்லை. 5600 போட்டால் இன்னொரு தலைவலியும் தீரும். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. விண்டோஸ் 11 ஏற்கும் பிராசஸர் பட்டியலில் உன் 1600 இல்லை, 5600 இருக்கிறது. வேலரன்ட் விண்டோஸ் 11-இல் டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு வசதிகளையும் கேட்கும். இரண்டும் உன் போர்டின் பயாஸிலேயே (மெஷினைத் தொடங்கி வைக்கும் மென்பொருள்) இருக்கின்றன, ஆன் செய்தால் போதும். பழைய ஹார்டு டிஸ்க் எம்பிஆர் என்ற பழைய முறையில் பிரிக்கப்பட்டிருந்தால் மட்டும் செக்யூர் பூட் தகராறு செய்யும். அதனால் விண்டோஸை ஒரு புது எஸ்எஸ்டியில் (ஹார்டு டிஸ்க்கைவிட வேகமான சேமிப்பகம்) போட்டுவிடு. மெஷினை ஆன் செய்துவிட்டு டீ போட்டுக் குடித்து வருகிற பழக்கம் அன்றோடு நின்றுவிடும்.

கிராஃபிக்ஸ் கார்டுக்கு அவசரமில்லை, ஆனால் அதற்கும் நாள் நெருங்கிவிட்டது. உன்னிடம் இருக்கும் ஜிடிஎக்ஸ் 1060 வந்தது 2016-இல். அந்தத் தலைமுறைக்கு, அதைச் செய்த என்விடியா, புது கேம்களுக்கான டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) தருவதை 2025 அக்டோபரோடு நிறுத்திவிட்டது, பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் 2028 அக்டோபர் வரை வரும். டூம்: தி டார்க் ஏஜஸ் போன்ற கேம்கள் ரே டிரேசிங் (ஒளியின் பாதையைக் கணக்கிட்டுக் காட்டும்) வசதி இல்லாத கார்டில் ஓடவே ஓடாது. உன் மானிட்டர் 1080பி, 60 ஹெர்ட்ஸ். அதற்கு ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6600 கார்டு போதும். 8 ஜிபி மெமரி, 132 வாட், 1060-ஐவிட 12 வாட்தான் கூட. செகண்ட் ஹேண்டில் வாங்கினால் உன் கண் முன்னால் அரை மணி நேரம் கேம் ஓட்டிக் காட்டச் சொல், பில்லையும் கேட்டு வாங்கு. ஜிடிஏ 6-க்காகத்தான் புது மெஷின் என்று சித்தியிடம் சொல்லியிருக்கிறாய். இதுவரை அறிவித்திருப்பது பிஎஸ்5-க்கும் எக்ஸ்பாக்ஸ் சீரிஸுக்கும் மட்டும். கம்ப்யூட்டருக்கு எப்போது வரும் என்று கேமைச் செய்பவர்களே சொல்லவில்லை, நீ எதற்கு இப்போதே காசு கட்டுகிறாய்?

நான் உடனே தூக்கி எறியச் சொல்லும் பொருள் ஒன்றுதான்: எஸ்எம்பிஎஸ், மெஷினுக்குக் கரண்ட் கொடுக்கும் பவர் சப்ளை. கேபினட்டோடு இலவசமாக வந்த, பெயர் தெரியாத அந்தப் பெட்டி. தறி மோட்டார் கிளம்பும்போது உன் அறையில் டியூப்லைட் மங்குகிறது. அந்தக் கரண்டில் இத்தனை வருஷம் அது உழைத்ததே பெரிய விஷயம். அது வெடித்தால் தனியாகப் போகாது, போர்டையும் இழுத்துக்கொண்டு போகும். 550 வாட், 80 பிளஸ் பிரான்ஸ் (Bronze) தரச்சான்று, நல்ல கம்பெனி. இதில் பேரம் பேசாதே.

பிராசஸரை வாங்கும் முன் உன் போர்டின் சரியான மாடல் பெயரை, ரிவிஷன் எண்ணோடு, எனக்கு அனுப்பு. தயாரிப்பாளரின் பட்டியலில் 5600 இருக்கிறதா, எந்த பயாஸிலிருந்து என்று பார்க்க வேண்டும். பழைய பிராசஸர் உள்ளே இருக்கும்போதே பயாஸை ஏற்றிவிட வேண்டும், பிறகுதான் புதியது. சில போர்டுகளில் நடுவில் ஒரு பதிப்பைப் போட்டுவிட்டுத்தான் கடைசிப் பதிப்புக்குப் போக முடியும். ஏற்றிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் போர்டு செத்துவிடும், அப்புறம் கடைக்காரர் சொன்னதே சரி என்று ஆகிவிடும். ஆகவே யுபிஎஸ் இல்லாமல் அதைத் தொடாதே. தறிக்கு லீவு விடும் நாளாகவும் இருக்கட்டும்.

எந்த ஞாயிறு என்று சித்தப்பாவிடம் கேட்டுச் சொல். ஏற்காட்டிலிருந்து காலை பஸ்ஸில் இறங்கிவிடுகிறேன், யுபிஎஸ் என்னுடையதையே தூக்கி வருகிறேன். தெர்மல் பேஸ்ட் மட்டும் நீ வாங்கி வை. கடைக்காரருக்கு அட்வான்ஸ் எதுவும் கொடுத்திருந்தால் அதையும் மறைக்காமல் எழுது.

அன்புடன்,
உன் அண்ணன்